கைக்கென்று தனி மருத்துவர் ஏன்?

கேள்வி: லேத் பட்டறையில் என் தம்பியின் விரல் வெட்டுப்பட்டபோது, எலும்பு டாக்டரிடம் போவதா, பிளாஸ்டிக் சர்ஜனிடம் போவதா என்று தெரியாமல் அலைந்தோம். கடைசியில் ‘கை அறுவை சிகிச்சை நிபுணர்’ ஒருவரிடம் அனுப்பினார்கள். இப்படியொரு தனித்துறை எப்போது வந்தது? (வாசகர், ஆவடி)

பதில்: உங்களை அலையவைத்த அதே குழப்பம்தான் இந்தத் துறை பிறக்கவும் காரணம். கையில் எலும்பு, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கயிறு), நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாம் ஓரங்குல இடத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் துறைவாரியாகப் பங்குபோட்டுச் சிகிச்சை செய்தால், காயம் ஆறினாலும் விரல் மடங்காமல் போய்விடக்கூடும். எனவே ஒரே மருத்துவர் அனைத்தையும் கையாள வேண்டும் என்று வாதாடியவர் சான் பிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல். இரண்டாம் உலகப் போரில் கை சிதைந்த வீரர்கள் ஏராளமாகத் திரும்பி வந்த நிலையில், 1944-இன் இறுதியில் அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவர் நார்மன் கிர்க் அவரை ஆலோசகராக நியமித்தார். ராணுவ மருத்துவமனைகளில் ஒன்பது கை சிகிச்சை மையங்கள் உருவாயின. 1946-இல் அமெரிக்கக் கை அறுவை சிகிச்சைச் சங்கம் தொடங்கப்பட்டபோது பன்னலே அதன் முதல் தலைவரானார்.

சங்கம் வேறு, அங்கீகாரம் வேறு. பொது அறுவை, எலும்பியல், பிளாஸ்டிக் சர்ஜரி ஆகிய துறைகளின் மருத்துவர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் மூன்று வாரியங்களும் அமெரிக்காவில் இதற்கெனத் தகுதித் தேர்வைத் தொடங்கியது 1989-இல்தான். மூன்று பேர் உரிமை கொண்டாடும் சொத்து அவ்வளவு விரைவில் தனிப்பட்டாவாகிவிடாது அல்லவா!

உங்கள் தம்பிக்கு எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளங்கையின் மேல்ரேகைக்கும் விரலின் நடுக்கணுவுக்கும் இடையே இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அங்கே அறுந்ததைத் தைத்தால் சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், உடனே தைக்காமல் தோலை மட்டும் மூடிவிட்டு, பின்னர் மணிக்கட்டுப் பகுதியிலிருந்து வேறொரு நாணை எடுத்துப் பொருத்துவதே பன்னல் காலத்து வழக்கம். உடனடியாகத் தைத்து விரைவில் விரலை அசைக்கவைத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்று அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் கிளைனெர்ட்டின் குழுவினர் 1967-இல் வெளியிட்ட பிறகே அந்த வழக்கம் தளர்ந்தது.

இந்த வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1940-களின் இறுதியில் சி.எம்.சி. மருத்துவமனையில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். கையின் சிறுதசைகள் செயலிழந்தாலும் முன்கைத் தசைகள் பல வலுவோடு இருப்பதைக் கண்டு, அவற்றில் ஒன்றின் நாணை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். பின்னாளில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்கென ஒரு தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார்.

கேள்வி: துண்டாகிப்போன விரலை மறுபடி பொருத்த முடியுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எல்லா விரலையும் அல்ல, நசுங்கியதைவிடச் சீராக வெட்டுப்பட்டதற்கே வாய்ப்பு அதிகம். 1965-இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கொமாட்சு, தமாய் என்ற மருத்துவர்கள் இருவரும் முழுதாகத் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் உதவியுடன் வெற்றிகரமாகப் பொருத்தினர். இத்தகைய விபத்தில், துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பைக்குள் வைத்து இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து உடனே எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும்.