கறிவேப்பிலைச் செடியில் கும்பிடுபூச்சி இருந்தும் அசுவினி குறையாதது ஏன்?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் கறிவேப்பிலைச் செடியில் இரண்டு வாரமாகக் கும்பிடுபூச்சி தங்கியிருந்தும் அசுவினி குறையவில்லை, செடியடியில் தேனீச் சிறகுகளே கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பூச்சியின் மேல் குற்றமில்லை. வளர்ந்த கும்பிடுபூச்சி அசைவதைக் கண்டே பாயும். முன்னங்கால் முட்களுக்கிடையே இறுக்கிப் பிடிக்கத் தக்க ஈ, தேனீ, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி போன்றவையே அதற்கு இரை என்பதால், தளிரில் அப்பிக்கொண்டு அசையாமல் சாறு உறிஞ்சும் அசுவினியை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. முட்டைக்கூட்டிலிருந்து புதிதாக வந்த குஞ்சுகள் அசுவினியைத் தின்னும். பசித்தால் ஒன்றையொன்றும் தின்னும். கும்பிடும் கைகளைக் கண்டு ஏமாறுவது நாம் மட்டுமல்ல போலும்.

அசுவினிக்குப் பொறிவண்டே சரி. கருத்த உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு நீளமாக ஊரும் அதன் புழு, வண்டின் சாயலே இல்லாதிருப்பதால், பலர் அதையும் பயிர்ப்பூச்சி என்றெண்ணி நசுக்கிவிடுகிறார்கள். தண்டில் எறும்பு ஏறினால் முதலில் அதைத் தடுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் பொறிவண்டை விரட்டிவிடும். கும்பிடுபூச்சியை ஒரு குச்சியில் ஏற்றி, வெட்டுக்கிளி வரும் பாத்தியில் விடுங்கள். மருந்து மட்டும் அடிக்காதீர்கள்; பொறிவண்டும் சேர்ந்து சாகும்.