மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா?

கேள்வி: மேல் கடைவாய்ப் பல்லில் பல மாதங்களாகச் சொத்தை. வலித்தபோது மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டேன், நின்றுவிட்டது. இப்போது ஈறில் சின்னக் கட்டி வந்து வந்து போகிறது. பல்லை எடுக்கச் சொல்கிறார்கள். மேல் பல்லை எடுத்தால் பார்வை மங்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு, இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். பற்களும் மஞ்சளாக இருக்கின்றன. (வாசகர், 56 வயது)

பதில்: போகாது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் விழும் வயதும் கண்புரை வரும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பழி பல்லின் மேல் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். உண்மையில் கண்ணுக்கு ஆபத்து வரும் என்றால் அது எடுக்காமல் விட்ட பல்லால்தான் வரும். மேல் பல்லின் சீழ் அரிதாகக் கண்ணைச் சுற்றிப் பரவியதுண்டு.

வலி நின்றதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கவலை. அநேகமாகப் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துவிட்டது. ஈறில் வந்து போகும் கட்டி, வேர் நுனியில் சேர்ந்த சீழ் வெளியேறும் வாசல். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, பிறகு ஆன்டிபயாட்டிக் எப்படி அங்கே போய்ச் சேரும்? முகம் அல்லது தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால், அல்லது கண் இமை வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் போட்டுக் காப்பாற்ற முடியுமா? ஈறுக்கு மேலே பல் போதுமான அளவு மிச்சமிருந்தால் பெரும்பாலும் முடியும். முடியாது என்றால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், சாப்பிடுவதைச் சொன்னால் போதும், ரத்தக் கசிவைப் பல் மருத்துவர் அந்த இடத்திலேயே சமாளித்துவிடுவார். எலும்புத் தேய்மானத்துக்கு எப்போதாவது ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்றைக்கு முழுவதும் துப்புவது, கொப்பளிப்பது, புகைப்பது எதுவும் வேண்டாம், குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

மஞ்சள் நிறம்? விடுங்கள், வயதானால் அப்படித்தான்.

மற்ற பற்களுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் போதும். இரவில் கட்டாயம் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு உடனே கொப்பளிக்காமல் விடுங்கள். இனிப்பு எவ்வளவு தின்கிறீர்கள் என்பதைவிட ஒரு நாளில் எத்தனை தடவை வாயில் போடுகிறீர்கள் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். அப்புறம், எக்ஸ்ரே எடுக்கும்போது பக்கத்துப் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் பல்லில் சொத்தை ஒளிந்திருப்பது சகஜம்.