வகுப்பறையிலும் நூலகத்திலும் சமூகச் செயலிகள்: வாசகர் கேள்விகள்

கே: பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களாகக் குவிகின்றன. அறிவிப்பு எதுவும் கண்ணில் படுவதில்லை. (ஆசிரியை, தருமபுரி)

ப: அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழு அமைப்பை மாற்றிவிடுங்கள். 2018லேயே வந்த வசதி. சந்தேகம் கேட்பவர்கள் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். அதற்கும் ஒரு நேரம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு 10 மணிக்கு வீட்டுப்பாடம் கேட்பார்கள்.

கே: பள்ளிக்கு ஏற்ற நல்ல ஆப் எது? (ஊர் குறிப்பிடவில்லை)

ப: ஊர் மட்டுமா? எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், லேப் உண்டா, எதற்காக என்று எதையுமே குறிப்பிடவில்லை. எழுதி அனுப்புங்கள், அப்புறம் பார்க்கலாம்.

கே: தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவைக்க லேபில் 40 மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்கினோம். ஆறு பேரோடு நின்றுவிட்டது. (கணினி ஆசிரியர், தென்காசி)

ப: ஒரே இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள்தான் தொடங்க முடியும். விஷமிகளுக்காக வைத்த வரம்பு. லேப் முழுக்க ஒரே இணைப்பு என்பதால் நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள். பயிற்சி நாளைச் சில வாரம் முன்பே விக்கிப்பீடியா நிர்வாகிகளிடம் சொன்னால், அன்றைக்கு மட்டும் வரம்பைத் தளர்த்த வழி உண்டு. எடுத்தவுடன் புதுக் கட்டுரை வேண்டாம். மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் பழகட்டும், பிறகு சொந்த ஊர்க் கட்டுரையில் ஒரு வரி சேர்க்கட்டும், சான்றோடு. பாடநூல் பத்தியை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமை மீறல் என்று நீக்கிவிடுவார்கள். பயனர் பெயரில் பிள்ளையின் முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். பக்க வரலாற்றில் அது நிரந்தரமாக நிற்கும்.

கே: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் செயல்திட்டங்களை இன்ஸ்டாகிராமில் போட ஆளுக்கொரு கணக்குத் தொடங்குகிறேன். 13 வயது ஆகவில்லை என்று மறுக்கிறது. பிறந்த ஆண்டை 2000 என்று போட்டால் ஏற்கிறது. போடலாமா? (ஆசிரியர், விருதுநகர்)

ப: கூடாது. இந்தக் கேள்வி ஊர் மாறி ஊர் வந்துகொண்டே இருக்கிறது, எனக்கும் ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

13 என்பது சும்மா வந்த எண் இல்லை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் இணையத்தில் வாங்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1998ல் ஒரு சட்டம் வந்தது. நமக்கேன் தொல்லை என்று நிறுவனங்கள் அந்த வயதிலேயே கோடு கிழித்துவிட்டன. நம் நாட்டில் 2023ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. 18 நிரம்பாத எல்லோருமே அதில் குழந்தைகள்தான், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சரி, சட்டத்தை விடுங்கள். 2000 என்று போட்டதும் அந்த 12 வயதுப் பிள்ளை செயலியின் கணக்கில் 25 வயது தாண்டிய ஆள். பதின்வயதினர் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் 2024 முதல் தானாகவே சில பூட்டுகள் போடுகிறது: முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, பதிவுகள் எல்லோருக்கும் தெரியாது. நீங்கள் போட்ட பொய் அத்தனையையும் கழற்றிவிடும். மதிப்பெண் போட்டு நீங்கள் மறந்த பிறகும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் கேட்டால் "சார்தான் போடச் சொன்னார்" என்பான். உண்மையும் அதுதானே?

வகுப்புக்கு ஒரே கணக்கு போதும். பாஸ்வேர்டு உங்களிடமும் தலைமையாசிரியரிடமும் இருக்கட்டும். பிள்ளைகள் எழுதித் தர, நீங்கள் ஏற்றுங்கள். தனித்தனிக் கணக்குதான் வேண்டும் என்றால் மின்னஞ்சல், ஆவணம் எல்லாம் சேர்ந்த கூகுள் ஒர்க்ஸ்பேஸின் கல்விப் பதிப்பில் பள்ளியே தொடங்கித் தரட்டும். தகுதியுள்ள பள்ளிகளுக்கு அடிப்படைப் பதிப்பு இலவசம். பெற்றோர் ஒப்புதலோடு 13க்குக் கீழும் தரலாம். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

கே: எங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கிறது. மாணவர்கள் புத்தகங்களுக்குக் கருத்து எழுதலாமா? கண்டபடி எழுதிவிட்டால்? (பள்ளி நூலகர், கோவை)

ப: எழுதலாம். கருத்து வசதியை நிர்வாகப் பக்கத்தில் இயக்குங்கள். நீங்கள் ஒப்புதல் தராமல் ஒரு கருத்தும் வெளியே தெரியாது. எழுதியவர் பெயரை மறைக்கவும் அங்கேயே வழி உண்டு, மறைத்துவிடுங்கள். கதைச் சுருக்கம் கேட்காதீர்கள், பின் அட்டையைத்தான் பார்த்து எழுதுவார்கள். பிடிக்காத இடம் எது என்று கேளுங்கள்.

கே: எட்மோடோ என்ற வகுப்பறைத் தளத்தில் வைத்திருந்த வினாத்தாள்கள் திறக்கவில்லை. (ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: எட்மோடோ 2022லேயே மூடப்பட்டது, இனித் திறக்காது. இதேபோல் விக்கிப் பக்கங்கள் அமைக்க உதவிய விக்கிஸ்பேசஸ் 2018ல் போனது, சமூகத்தளமான கூகுள் பிளஸ் 2019ல், கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 கடைசியில். நகலை எடுத்துக்கொள்ள வழியில்லாத இடத்தில் எதையும் சேர்த்து வைக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? மாதம் ஒரு தடவை பென் டிரைவில் நகல்.

கே: பரிசு வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாமா? (தலைமையாசிரியர், கடலூர்)

ப: படம் போட்டால் பெயர் வேண்டாம், பெயர் போட்டால் படம் வேண்டாம். எதுவானாலும் பெற்றோர் ஒப்புதல் எழுத்தில்.

கே: பாதி வீடுகளில் ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். எல்லோரும் குறிப்பு ஒட்டும் இணையப் பலகையான பேட்லெட் சுவரில் எழுதச் சொன்னால் பாதிப் பேர்தான் எழுதுகிறார்கள். (ஆசிரியை, நாகப்பட்டினம்)

ப: வீட்டு வேலையாகக் கொடுத்ததுதான் கோளாறு. லேபில் இரண்டு பேருக்கு ஒரு கணினி, வாரம் ஒரு பீரியடு. லேபும் இல்லையென்றால் துண்டுத்தாளில் எழுதிக் கரும்பலகையில் ஒட்டட்டும், நீங்கள் படமெடுத்து ஏற்றிவிடுங்கள். இலவசக் கணக்கில் இரண்டு மூன்று சுவர்கள்தான் கிடைக்கும், பாடத்துக்கு ஒன்றாகத் திறந்துவிடாதீர்கள்.