மேக்னெட்டில் ‘டி’, கேமில் வட்டம்: என்ஜின் பிரித்தவர்களுக்குப் பதில்கள்

டைமிங் செயின் (கிராங்க் சுற்றுவதற்கு ஏற்ப, வால்வுகளைத் திறக்கும் கேமைச் சுற்றவைக்கும் சங்கிலி), வால்வு பற்றி நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கார்புரேட்டர், மைலேஜ் எல்லாம் இன்னொரு நாள்.

தேவகோட்டைத் தம்பி: ஸ்ப்ளெண்டருக்குச் சிலிண்டர் போர் அடித்து, ரிங் மாற்றி, ஹெட்டையும் ஏற்றிவிட்டேன். கேமை எப்படி வைப்பது?

மேக்னெட்டை (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) கையால், இடது பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுங்கள். ‘டி’ குறி (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது) என்ஜின் கேஸில் உள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். பக்கத்திலேயே ‘எஃப்’ இருக்கும். அது ஸ்பார்க்குக்கானது, அதில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பிறகு கேம் ஸ்ப்ராக்கெட்டின் வட்டக் குறியை ஹெட்டின் வெட்டுக்கு நேரே பிடித்துச் செயினை மாட்டுங்கள். டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இல்லாத பக்கம் செயின் விறைப்பாக நிற்க வேண்டும், தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் போக வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால், டென்ஷனர் அழுத்தியதும் குறி நகர்ந்துவிடும்.

போல்ட்டை முறுக்கியதும் கிக்கரில் காலை வைக்காதீர்கள். ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா பாருங்கள். நடுவில் ‘டொக்’கென்று நின்றால் அழுத்தவே கூடாது. வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று அர்த்தம்.

புதுவயல்: ஒரு பல் தள்ளிப்போனால் என்ன, ஓடாதா?

ஓடலாம். 28 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் ஒரு பல்லுக்குக் கேம் சுமார் 13 டிகிரி திரும்பும், கிராங்க் கணக்கில் அது கிட்டத்தட்ட 26 டிகிரி. இழுவை செத்துப்போகும், ஐடிலிங் நிற்காது. கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டு ஜெட் மாற்றுவீர்கள்.

காரைக்குடி, கழனிவாசல்: டேப்பட் கேப் எவ்வளவு?

வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இந்த இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் (வால்வு இரண்டும் மூடியிருக்கும் நேரம்) இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். ஆக்ஸா பிளேடு ஃபீலர் கேஜ் ஆகாது.

கோட்டையூர் மெக்கானிக் அண்ணன்: கேம் வைக்கும் முன் பிஸ்டனைக் கம்ப்ரஷனுக்குக் கொண்டுவரச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. பையன்கள் கெட்டுப்போவார்கள்.

அண்ணே, கேமே இல்லாத என்ஜினில் கம்ப்ரஷன் எது, எக்ஸாஸ்ட் எது? பிஸ்டன் மேலே வருகிறது, அவ்வளவுதான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. எந்த ஸ்ட்ரோக் என்பதைத் தீர்மானிப்பது நாம் மாட்டுகிற கேம்தான்.

அதே அண்ணன்: அப்போது ஸ்பார்க் தப்பான ஸ்ட்ரோக்கில் வராதா? நான் எப்போதும் பிளக் ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்துத்தான் வைப்பேன்.

விரல் சோதனை கேம் மாட்டிய என்ஜினுக்கு அருமையான சோதனை, டேப்பட் வைக்க நானும் அதைத்தான் செய்கிறேன். ஸ்பார்க் விஷயத்தில், இந்த வண்டிகளில் ஸ்பார்க்குக்கு நேரம் சொல்லும் பல்சர் காயில் மேக்னெட்டைப் பார்க்கிறது. மேக்னெட் கிராங்கில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் வரும். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று எக்ஸாஸ்டில் வீணாகும். நீங்கள் சொல்வது பழைய புல்லட்டுக்குச் சரி. அதில் ஸ்பார்க்கைத் தூண்டும் கான்டாக்ட் பாயின்ட் கேம் வேகத்தில் ஓடுகிறது. ஸ்ட்ரோக் பார்க்காமல் வைத்தால் கிக்கர் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். ஆக, பாதி வெற்றி உங்களுக்கு.

(இதன் மேல் வந்த பதினோரு மறுப்புகளையும் படித்தேன். எல்லாம் “எங்கள் வாத்தியார் அப்படித்தான் சொன்னார்” என்ற வகை. ஒருவராவது மேக்னெட்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.)

கானாடுகாத்தான்: அப்பச்சி ஓட்டிய இரும்பு என்ஜின் புல்லட் பல வருஷமாக முகப்பில் நிற்கிறது. டைமிங் வைத்து ஓட்டலாமா?

ஆச்சி, டைமிங்குக்கு முன் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரவு விடுங்கள். கையால் சுற்றி, வால்வு இரண்டும் ஏறி இறங்குகின்றனவா பார்க்கச் சொல்லுங்கள். அதில் செயின் இல்லை, பல்சக்கரம்தான். கிராங்க் பினியனிலும் இரண்டு கேமிலும் உள்ள புள்ளிகள் ஒன்றுக்கொன்று சேர வேண்டும். புஷ் ராடு (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பி), ஆறிய என்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நல்ல வண்டி, பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பள்ளத்தூர்: டேப்பட் கேப் எவ்வளவு?

மேலே பாருங்கள்.

குன்றக்குடி: ஆர்எக்ஸ் 100க்கு வால்வு டைமிங் எப்படி?

அது டூ ஸ்ட்ரோக். கேமும் கிடையாது, டேப்பட்டும் கிடையாது. போர்ட்டைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது, உள்ளே வரும் வழியில் ஒரு ரீட் வால்வு. இக்னிஷன் டைமிங் கேட்கிறீர்கள் என்றால் அது வேறு பாடம்.

செஞ்சை: மாட்டியதும் ஒரே கிக்தான், உள்ளே சத்தம் வந்தது. இப்போது கம்ப்ரஷனே இல்லை.

கிக்கரில் காலை வைக்காதீர்கள் என்று எழுதியது இதற்குத்தான். ஹெட்டைக் கழற்றுங்கள். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி, வால்வு ஓரத்தில் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் பெரும்பாலும் வளைந்திருக்கும், அதை நிமிர்த்தப் பார்க்காமல் புதிது போடுங்கள். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு இருந்தால் வால்வு கைடையும் லேத்தில் காட்டுங்கள்.

அரியக்குடி: டேப்பட் கேப்…

புத்தகம்.