மாகாளிக் கிழங்கு வாங்கலாமா?

கேள்வி: வருஷா வருஷம் மாகாளிக் கிழங்கு ஊறுகாய் போடுகிறேன். இந்தத் தடவை கிடைத்தது சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. விலையோ இரண்டு மடங்கு. ‘காட்டில் திருட்டுத்தனமாகத் தோண்டி வருவது, வாங்காதே’ என்கிறாள் மகள். உண்மையா? – ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆனாலும் மாகாளி இல்லாமல் எனக்குத் தயிர்சாதம் இறங்காது. (மூட்டைப்பூச்சி நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. அந்த மணத்தைத் தரும் பொருள் வெனிலா மணப்பொருளுக்கு நெருங்கிய உறவு.)

மகள் சொல்வதில் பாதி உண்மை. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தோண்டினால் குற்றம்தான். ஆனால் பழங்குடியினர் வழிவழியாகச் சேகரித்துவரும் சிறு வனப்பொருள்களில் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். சந்தைக்கு வந்த மூட்டையைப் பார்த்து, எது எந்த வழியில் வந்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

சோதனைச் சாவடியில் ஒருநாள் இரவு, தக்காளிக் கூடைகளுக்கு அடியில் மாகாளி மூட்டைகளைப் பிடித்தோம். காட்டிக்கொடுத்தது வாசனைதான். அவிழ்த்தால் எல்லாம் பென்சில் பருமன். எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான். வண்டி ஓட்டியவனுக்கும் தோண்டியவனுக்கும் வழக்கு. மூட்டைக்குச் சொந்தக்காரர் கடைசிவரை வரவில்லை.

இது தென்னிந்தியாவில் மட்டுமே இயற்கையாக வளரும் கொடி. வறண்ட மலைச்சரிவில், பாறை இடுக்கில் வேர்விடும். கொம்பு மாதிரி இரட்டைக் காய் காய்க்கும். அது வெடித்தால் பஞ்சு ஒட்டிய விதைகள் காற்றில் பறக்கும். கிழங்குதான் வேர். காய் வெடிக்குமுன் மொத்தமாகப் பிடுங்கினால் கொடியும் போச்சு, விதையும் போச்சு. விவரம் தெரிந்த பெரியவர்கள் ஓரத்துக் கிழங்கை மட்டும் அறுத்துக்கொண்டு, தாய்வேரை விட்டு, குழியை மண்ணால் மூடிவிட்டு வருவார்கள். எடைக்குக் காசு கொடுக்கும் வியாபாரி வந்த பிறகு அந்தப் பொறுமைக்கு யார் கூலி கொடுப்பது? போதாக்குறைக்கு ஊறுகாய்க்கு மட்டும் போவதில்லை. நன்னாரி என்ற பெயரிலும் இதையே விற்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மெலிந்த கிழங்கை வாங்காதீர்கள். அது இன்னும் சில வருஷம் மண்ணில் இருந்திருக்க வேண்டியது. பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்திலோ, பயிரிடும் விவசாயியிடமோ கிடைத்தால் விலை கூடினாலும் அங்கே வாங்குங்கள். விதையிலிருந்து நாற்று எடுக்கலாம். ஆழமான மண்ணும் படரப் பந்தலும் போதும், அவசரம்தான் ஆகாது. நான் கொல்லையில் வைத்த இரண்டு கொடியில் ஒன்றைக் கோழி கிளறிவிட்டது. மற்றது நான்காவது வருஷத்தில் இருக்கிறது. இன்னும் தோண்டிப் பார்க்கவில்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் அரை ஜாடிதான்.