மருந்தாளர் பதில்கள்

நாடாளுமன்றத்தில் கூச்சலும் வெளிநடப்பும்தான் நடக்கிறது. அதனால் ஏழை நோயாளிக்கு ஒரு மாத்திரையாவது மலிவாகக் கிடைத்ததுண்டா?
*– வாசகர், சங்கரன்கோவில்*

உண்டு. மாத்திரையின் பெயரையே சொல்கிறேன்: இமாட்டினிப். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் விழுங்க வேண்டியது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் இதை 'கிளிவெக்' என்ற பெயரில் விற்றபோது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. நம்மூர்க் கம்பெனிகள் அதே மருந்தை 10,000 ரூபாய் அளவில் கொடுத்தன. அரசு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த எனக்கு இந்த இரண்டு விலைக்கும் நடுவில் எத்தனை குடும்பம் நிற்கும் என்று தெரியும்.

1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் காப்புரிமை, அதாவது மற்றவர் அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாத தனியுரிமை. மருந்துக்கு அது கிடையாது. அதனால் வேறு முறையில் அதே மருந்தை யாரும் தயாரிக்கலாம். உலக வர்த்தக அமைப்பில் இருப்பதால் 2005ல் இதை மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம். அரசு முதலில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து ஆதரவு தந்த இடதுசாரிகள் இது போதாது என்று முரண்டு பிடித்தார்கள். 2005 மார்ச்சில் திருத்தங்களோடு சட்டம் நிறைவேறியது. அதில் 3(டி) என்று ஒரு பிரிவு. பழைய மருந்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் மட்டும் காப்புரிமை இல்லை, பலன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்கிறது.

கிளிவெக் விண்ணப்பம் 1998ல் போடப்பட்டது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். இந்த 3(டி)யையும் காட்டி 2006ல் நிராகரித்தார்கள். அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கை 2007ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. தேதியைப் பார்த்து நண்பர் ஒருவர் செய்தியை நம்பவே இல்லை.

நாடாளுமன்ற நிலைக்குழு என்பது எம்.பி.க்கள் டீ குடித்துவிட்டுக் கலையும் கூட்டம்தானே?
*– வாசகி, நாகர்கோவில்*

டீ உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கேமரா இல்லை. முழங்க வேண்டிய அவசியம் இல்லாததால் அதிகாரிகளை உட்கார வைத்து நிதானமாகக் குடையலாம்.

அன்றைய ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வதோதரா பகுதிகளில் 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடத்தியது. 2010ல் அது நிறுத்தப்பட்டது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிய பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் ஒப்புதல் தர வேண்டிய படிவங்களில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013 ஆகஸ்டில் வந்த சுகாதார நிலைக்குழு அறிக்கை அந்த அமைப்பை மட்டுமல்ல, அந்த ஆய்வில் கூட்டாக இருந்த ஐ.சி.எம்.ஆர். என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பையும் விட்டுவைக்கவில்லை.

தடுப்பூசி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தயவுசெய்து அப்படி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நகரத்துப் பெரிய பள்ளியில் அப்பா அம்மாவைக் கேட்காமல் ஊசி போட்டிருப்பார்களா என்பதுதான் என் கேள்வி. ஒரு குறை உண்டு: குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை. எம்.பி.யிடம் மனு கொடுக்கலாமா?
*– வாசகர், திருத்துறைப்பூண்டி*

எம்.எல்.ஏ.விடம் போங்கள். அரசியல் சட்டத்தில் மருத்துவமனை மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதாவது மாநில அரசின் பொறுப்பு. மருந்து விலை பற்றி என்றால் எம்.பி. சரியான ஆள். நட்சத்திரக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். அது அவையில் எடுக்கப்பட்டால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் போடலாம். நட்சத்திரம் இல்லாவிட்டால் ஒரு தாளில் பதில் வரும், அவ்வளவுதான். மனுவில் மருந்தின் பெயர், நீங்கள் கொடுத்த விலை, அப்புறம் பில் நகல், மூன்றும் இருக்கட்டும்.