ஆண்டனிக்குக் கிடைக்காத அதட்டல்

அன்புள்ள ஐயா,

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்து முடித்தேன். மூக்கில் ரத்தம் வழிய ஒரு சிறுமி ஆட்களைக் கொல்கிறாள், நாம் கைதட்டுகிறோம். என் ஒன்பது வயது மகன் இப்போது தம்ளரை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். குழந்தைகளை இப்படி அரக்கர்களாகக் காட்டலாமா? பின்வரும் சீசன்கள் இழுவை என்று உங்களுக்கும் தோன்றியதா?

கே.

அன்புள்ள கே,

இழுவையைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அலுத்தால் அணைத்துவிடுங்கள். தம்ளரும் நகராது, பயப்படாதீர்கள்.

ஆனால் 'அரக்கர்கள்' என்று எழுதினீர்களே, தொடரைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தீர்களா? முதல் சீசனில், ஆய்வுக்கூடத்தில் அந்தச் சிறுமியின் முன் ஒரு பூனையை வைக்கிறார்கள். மனத்தாலேயே அதை வதைக்க வேண்டும். மறுக்கிறாள். இருட்டறையில் அடைக்க இழுத்துப்போகும் இரண்டு காவலர்களைத்தான் கொல்கிறாள். அவள் 'பப்பா' என்று அழைக்கும் டாக்டர் பிரென்னர் அப்போது வருகிறார். கடிந்து ஒரு சொல் இல்லை. கன்னத்தை வருடி, பூரித்துப்போய், அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பூனையை விட்டதற்குத் தண்டனை, மனிதர்களைக் கொன்றதற்குக் கொஞ்சல். இதில் அரக்கர் யார் ஐயா?

சில நாட்களாகவே 'ட்விலைட் ஸோன்' தொடரின் 1961ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்று என்னைக் குடைந்துகொண்டிருந்தது. ஜெரோம் பிக்ஸ்பியின் சிறுகதையிலிருந்து எடுத்தது. ஆறு வயது ஆண்டனி நினைத்தது நடக்கும். பிடிக்காதவர்களைச் சோளக்காட்டுக்கு அனுப்பிவிடுவான், போனவர் திரும்புவதில்லை. தம் பிறந்தநாளில் குடித்துவிட்டு ஆண்டனியைத் திட்டிய ஒருவரைப் பெட்டிக்குள்ளிருந்து துள்ளும் பொம்மையாக்குகிறான். கடைசியில் பனி பெய்ய வைக்கிறான். பயிர் பாழாகிறது. வாயெடுத்த அப்பா சட்டென்று அடங்கி, அதையும் நல்லது என்று மெச்சுகிறார்.

ஆறு வயதுக் கோபம் எந்த வீட்டில் இல்லை? சிறுவயதில் சண்டையில் தம்பியை 'செத்துப்போ' என்று சொல்லிவிட்டேன். அன்றிரவே அவனுக்குக் காய்ச்சல். என் வாக்குப் பலித்துவிட்டதென்று நடுங்கிப்போய் அம்மாவிடம் அழுதேன். ஈரத்துணியைப் பிழிந்தபடியே அவள், "உன் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் உன் கணக்கு மார்க்கை மாற்றிக் காட்டு" என்றாள். பிறகு, "இன்னொரு முறை அப்படிப் பேசினால் தோலை உரித்துவிடுவேன்." நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆண்டனியை அப்படி அதட்ட ஆளில்லை. அதட்டினால் சோளக்காடுதானே என்பீர்கள். ஆமாம். தன்னை ஆளாக்கக்கூடியவர்களை ஒவ்வொருவராகத் தொலைத்துக்கொண்டிருக்கிறான் அந்தப் பையன். என்னைக் குடைவது அதுதான். 'அம்ப்ரெல்லா அகாடமி' தொடரிலோ தந்தை மாத்திரை கொடுத்துப் பிள்ளையின் சக்தியை அமுக்கியே வைக்கிறார். அதற்கும் வளர்ப்பு என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மகனோடு உட்கார்ந்து அந்தப் பழைய அத்தியாயத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளை, அரை மணி நேரம்கூட இல்லை. பனி பெய்யும்போது அப்பா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவனையே கேளுங்கள். குறுக்கே புகுந்து நீங்கள் சொல்லித்தராதீர்கள். அவன் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.